எலெக்ட்ரானுக்கு நாம் பார்ப்பது எப்படித் தெரியும்?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தைகளில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஒரு காணொளி பார்த்திருக்கிறீர்கள். யாரும் பார்க்காதபோது எலெக்ட்ரான் அலையாக இருக்கிறது, பார்த்தவுடன் துகளாகிவிடுகிறது, ஆகவே நம் மனம்தான் உலகத்தை உண்டாக்குகிறது என்று அதில் சொன்னார்கள். கடைசியில் ‘குவாண்டம் மனப்பயிற்சி’ வகுப்புக்கு 4,999 ரூபாய் கட்டச் சொன்னார்கள். நீங்கள் கேட்பது மூன்று. நாம் பார்ப்பது எலெக்ட்ரானுக்கு எப்படித் தெரியும்? பார்க்காவிட்டால் நிலா வானத்தில் இல்லையா? வகுப்பில் சேரலாமா? பி.காம். படித்தவன், சமன்பாடு வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான். குவாண்டம் இயற்பியலில் ‘பார்ப்பது’ என்றால் என்ன, அதற்கு ஒரு மனிதரோ ஒரு மனமோ வேண்டுமா? வேண்டாம் என்பது என் பதில். ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்தே கிடைத்த பதில் அது. ஆனால் அதற்குப் பின்னால் இன்றுவரை விடை கிடைக்காத கேள்வி ஒன்றும் இருக்கிறது; அதையும் மறைக்காமல் சொல்கிறேன். நான் கல்லூரியில் இருபத்தெட்டு ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவன். குவாண்டம் அடிப்படைகளில் ஆராய்ச்சி செய்தவன் இல்லை. போதாததற்கு, இந்தப் பாடத்தில் ஒரு பகுதியைப் பல வருடம் தப்பாகவே நடத்தியிருக்கிறேன். அதுவும் கீழே வரும்.

ஒளியிலிருந்து ஆரம்பிப்போம். 1803இல் லண்டனில் தாமஸ் யங் என்ற மருத்துவர், ஜன்னல் கதவிலிருந்த சிறு துளை வழியாக இருட்டறைக்குள் வந்த சூரியக் கதிரின் குறுக்கே மெல்லிய அட்டைத் துண்டு ஒன்றைக் குத்துக்கோடாகப் பிடித்தார். அட்டையின் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன் நிழல் வெறும் கறுப்புக் கோடாக விழவில்லை. நிழலுக்குள்ளேயே வெளிச்சமும் இருட்டுமாக மாறி மாறிப் பட்டைகள் தெரிந்தன. அட்டையின் ஒரு பக்கமாக வந்த ஒளியை மட்டும் மறைத்தார். மறுபக்கம் ஒளி வந்துகொண்டுதான் இருந்தது, ஆனாலும் நிழலுக்குள் இருந்த பட்டைகள் காணாமல் போயின. ஆக, பட்டைகள் உண்டாக இரண்டு பக்கத்து ஒளியும் வேண்டும். குளத்தில் இரண்டு கல்லை எறிந்தால் அலைகள் ஒன்றோடொன்று கலக்கும் இடத்தில் என்ன நடக்கிறது? மேடும் மேடும் சேர்ந்தால் பெரிய மேடு. மேடும் பள்ளமும் சேர்ந்தால் தண்ணீர் அசையாமல் கிடக்கும். ஒளியோடு ஒளி சேர்ந்து இருட்டு வருவதும் அப்படித்தான். பாடப்புத்தகம் இதைக் குறுக்கீட்டு விளைவு என்கிறது. ஒளி ஓர் அலை என்பது மெல்ல மெல்ல நிலைபெற்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிவரை எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள்.

அந்த நிம்மதியைக் கெடுத்தவர்கள் 1900இல் மாக்ஸ் பிளாங்க், 1905இல் ஐன்ஸ்டைன். ஒளி தன் ஆற்றலைக் குழாய்த் தண்ணீர் மாதிரி தொடர்ச்சியாகக் கொடுப்பதில்லை, பொட்டலம் பொட்டலமாகக் கொடுக்கிறது என்று ஆனது. அந்தப் பொட்டலத்துக்குப் பின்னால் வந்த பெயர் ஃபோட்டான். கடையில் விற்கும் ஒரு மில்லிவாட் சிவப்பு லேசர் விளக்கு ஒரு விநாடிக்கு மூவாயிரம் லட்சம் கோடிக்கும் அதிகமான ஃபோட்டான்களைக் கொட்டுகிறது. அத்தனை வந்தால் எங்கே எண்ணுவது, அதனால்தான் நமக்கு அது ஒழுகுவதுபோல் தெரிகிறது. 1909இல் ஜி.ஐ. டெய்லர் என்ற இளைஞர் விளக்கை மிக மிக மங்கலாக்கி, ஓர் ஊசியின் நிழலைப் புகைப்படத் தகட்டில் பிடித்தார். மிக மங்கலான வெளிச்சத்துக்கு ஏறக்குறைய மூன்று மாதம் தகடு உள்ளேயே இருந்தது. ஃபோட்டான்கள் ஒன்றோடு ஒன்று சந்திக்கவே வாய்ப்பில்லாத அளவுக்கு மங்கல். பட்டைகளில் ஒரு மாற்றமும் இல்லை.

எலெக்ட்ரான் கதை இதற்கு நேர் தலைகீழ். ஜே.ஜே. தாம்சன் அது ஒரு துகள் என்று காட்டியவர். 1906இல் நோபல் பரிசு வாங்கினார். 1924இல் லூயி டி பிராய் என்ற பிரெஞ்சுக்காரர், ஒளி அலையே துகள்போல் நடந்துகொண்டால் துகளும் ஏன் அலைபோல் நடந்துகொள்ளக் கூடாது என்று கேட்டார். அமெரிக்காவில் டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் உலோகத்தின் மேல் எலெக்ட்ரான்களை அடித்துக்கொண்டிருந்தபோது 1925இல் ஆய்வகத்தில் ஒரு குப்பி வெடித்தது. காற்றுப் பட்டு நிக்கல் கறுத்துப்போனது. சுத்தம் செய்ய அதை நன்றாகச் சூடாக்கியதில் அதன் சிறு படிகங்கள் பெரிய படிகங்களாக வளர்ந்துவிட்டன. அதற்கப்புறம் எடுத்த அளவீடுகளில் எலெக்ட்ரான்கள் அலைபோல் சிதறுவது தெரிய வந்தது. 1927இல் வெளியிட்டார்கள். அதே வருடம் ஜே.ஜே. தாம்சனின் மகன் ஜி.பி. தாம்சனும் வேறு முறையில் அதையே கண்டுபிடித்தார். டேவிசனும் அவரும் 1937இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். எலெக்ட்ரான் துகள் என்று காட்டி அப்பா வாங்கிய பரிசை, அது அலை என்று காட்டி மகன் வாங்கினார். வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

உங்கள் காணொளியில் வந்த சோதனையின் மிகத் தெளிவான வடிவத்தை 1989இல் ஜப்பானில் ஹிட்டாச்சி ஆய்வகத்தில் அகிரா டோனோமுராவின் குழு செய்தது. யங்கின் அட்டைக்குப் பதிலாக முடியைவிட மெல்லிய இழை ஒன்று. எலெக்ட்ரான் அதன் இடப்பக்கமாகவும் போகலாம், வலப்பக்கமாகவும் போகலாம். அவற்றின் வேகம் ஒளியின் வேகத்தில் 40 சதவீதம். ஒரு மீட்டர் தூரத்தைக் கடக்க ஒரு விநாடியில் கோடியில் ஒரு பங்குகூட ஆகாது. எலெக்ட்ரான்களை அவ்வளவு அரிதாக விட்டதால் கருவிக்குள் எப்போதும் ஒன்றுக்கு மேல் இருக்க வழியில்லை. திரையில் என்ன தெரிந்தது? புள்ளி. ஒரு எலெக்ட்ரான், ஒரு புள்ளி. முதல் நூறு புள்ளிகள் கைதவறிக் கொட்டிய கோலப்பொடிபோல் கிடக்கின்றன, ஒரு ஒழுங்கும் இல்லை. சில ஆயிரம் ஆனதும் ஏதோ கோடு மாதிரி ஒரு சந்தேகம். எழுபதாயிரத்தில் பளிச்சென்று பட்டைகள்.

இங்கேயே காணொளியின் முதல் தவறு தெரிந்துவிடுகிறது. ‘பார்க்காதபோது அலை, பார்த்தால் துகள்’ என்பது சரியான வர்ணனை இல்லை. இந்தச் சோதனையில் எலெக்ட்ரான் ஒவ்வொரு தடவையும் ஒரே புள்ளியாகத்தான் வந்து சேர்கிறது. எந்தத் தனிப் புள்ளியிலும் அலை கிடையாது. எங்கே அதிகம் விழும், எங்கே விழவே விழாது என்ற கணக்கில்தான் அலை இருக்கிறது. 1926இல் மாக்ஸ் பார்ன் இதைத் தெளிவாக எழுதினார். ஷ்ரோடிங்கரின் அலைச்சார்பு, அதாவது எலெக்ட்ரானை அலையாக எழுதும் அவருடைய கணக்கு, தருவது நிகழ்தகவைத்தான் என்றார். நிகழ்தகவு அந்த அலையின் அளவேதான் என்று முதலில் எழுதிவிட்டு, அச்சுக்குப் போகும்போது அடிக்குறிப்பில், இல்லை, அதன் வர்க்கம் என்று திருத்தினார். குவாண்டம் இயற்பியலின் மிக முக்கியமான விதிகளில் ஒன்று ஓர் அடிக்குறிப்பில் பிறந்தது.

நீங்கள் பி.காம். என்பதால் அந்த விதியைச் சொல்வது எனக்கு எளிது. ஒரு பக்கத்து வழியை மட்டும் திறந்து வைத்தால் திரையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் மணிக்கு 100 எலெக்ட்ரான் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை மட்டும் திறந்தாலும் அதே இடத்தில் 100. இரண்டையும் திறந்தால் 200 வர வேண்டும் என்றுதான் யாரும் சொல்வோம். ஆனால் சில இடங்களில் 400 விழும்; சில இடங்களில் ஒன்றுகூட விழாது. அதாவது இன்னொரு வழியைத் திறந்துவிட்டதால் வரத்து நின்றுபோகிறது. சாதாரண நிகழ்தகவில் இது நடக்கவே முடியாது, ஏனென்றால் அதில் எல்லாம் வரவுதான். கழிக்க எதுவும் இல்லை. குவாண்டம் கணக்கு நிகழ்தகவில் நடப்பதில்லை, அதற்கு ஒரு படி கீழே நடக்கிறது. ஒவ்வொரு வழிக்கும் ‘வீச்சு’ என்று ஓர் எண் உண்டு. அது வரவாகவும் இருக்கலாம், பற்றாகவும் இருக்கலாம். இங்கே ஒவ்வொரு வழியின் வீச்சும் 10. அதன் வர்க்கம்தான் அந்த 100. இரண்டும் வரவானால் 10ம் 10ம் 20, வர்க்கம் 400. ஒன்று வரவு, ஒன்று பற்று என்றால் நிகரம் பூஜ்யம், வர்க்கமும் பூஜ்யம். முதலில் கூட்டிக் கழிக்க வேண்டும், அப்புறம்தான் வர்க்கப்படுத்த வேண்டும். வரிசை முக்கியம். (உண்மையில் வீச்சுக்கு வரவு, பற்று என்று இரண்டு திசை மட்டும் இல்லை, கடிகார முள்போல் எந்தப் பக்கமும் திரும்பியிருக்கலாம். ஆனால் நமக்கு இது போதும்.)

இப்போது உங்கள் முதல் கேள்வி. எலெக்ட்ரான் எந்தப் பக்கமாகப் போனது என்று தெரிந்துகொள்ள ஒரு கருவியை வைத்தால் பட்டைகள் மறைந்துவிடும். இது உண்மை, சந்தேகமில்லை. ஏன் மறைகிறது? நான் பல வருடம் வகுப்பில் சொன்ன காரணம் இது: பார்க்க வேண்டுமானால் ஒளி அடிக்க வேண்டும், ஒளி பட்டால் எலெக்ட்ரானுக்கு ஓர் இடி விழும், இடிபட்ட எலெக்ட்ரான் வழி மாறிப் பட்டை கலைந்துவிடும். ஹைசன்பர்க் 1927இல் சொன்ன நுண்ணோக்கி உதாரணத்தின் சாயல் இது. கேட்க நன்றாக இருக்கும், மாணவர்களும் தலையாட்டுவார்கள். ஆனால் இது போதாது. 1998இல் ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் கெர்ஹார்ட் ரெம்பேயின் குழு, குளிர்வித்த ரூபிடியம் அணுக்களை வைத்து இதைச் சோதித்தது. எந்த வழியில் போனது என்பதை அணுவின் உள்நிலையிலேயே குறித்துவைத்தார்கள். அப்படிக் குறிக்கும்போது அணுவுக்கு விழும் இடி பட்டைகளைக் கலைக்கப் போதவே போதாது. இருந்தும் பட்டைகள் மறைந்தன. அதைப் படித்த பிறகு என் பழைய நோட்டில் அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன்.

சரியான காரணம் நம் பேரேட்டில்தான் இருக்கிறது. இரண்டு வழிகளும் முடியும் நிலை எல்லா விதத்திலும் ஒன்றாக இருந்தால்தான் அவற்றின் வீச்சுகளை ஒரே பேரேட்டில் எழுதிக் கூட்டிக் கழிக்கலாம். எந்த வழி என்ற தடயம் எங்காவது பதிந்துவிட்டால், அது அணுவுக்குள்ளேயே இருந்தாலும் சரி, பறந்துபோன ஒரு ஃபோட்டானில் இருந்தாலும் சரி, முடிவுகள் வேறு வேறாகிவிடுகின்றன. இரண்டு பேரேடு. ஒவ்வொன்றையும் தனியாக வர்க்கப்படுத்தி அப்புறம் கூட்ட வேண்டும்: 100ம் 100ம் 200, எல்லா இடத்திலும். பட்டை இல்லை. அந்தத் தடயத்தை யாராவது படித்தார்களா என்ற கேள்வி கணக்கில் வரவே இல்லை. எலெக்ட்ரானுக்கு எதுவும் ‘தெரிய’ வேண்டியதும் இல்லை. ‘பார்ப்பது’ என்று தமிழிலும் பிற மொழிகளிலும் பழகிப்போன சொல்தான் வம்பு. ‘தடயம் விழுவது’ என்று முதலிலேயே சொல்லியிருந்தால் பாதிக் காணொளிகள் வந்திருக்காது.

இது என் சொந்த வியாக்கியானம் இல்லை என்பதற்கு வியன்னாவில் நடந்த சோதனைகளைச் சொல்ல வேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தவை அவை. 1999இல் ஆன்டன் சைலிங்கரும் மார்கஸ் அர்ன்ட்டும் அடங்கிய குழு, அறுபது கார்பன் அணுக்கள் சேர்ந்து பந்து வடிவில் இருக்கும் மூலக்கூறுகளைக் கொண்டு பட்டைகளைக் காட்டியது. பிறகு எழுபது கார்பன் கொண்ட மூலக்கூறுகளை லேசரால் சூடேற்றி அனுப்பி 2004இல் முடிவை வெளியிட்டார்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பு ஒளிர்வதுபோல் சூடான மூலக்கூறும் போகிற வழியில் ஃபோட்டான்களை உமிழும். அந்த ஃபோட்டான்கள் மூலக்கூறு எங்கே இருந்தது என்ற தடயத்தைச் சுமந்துகொண்டு போகின்றன. அவற்றைப் பிடிக்கவோ பார்க்கவோ அங்கே ஆள் வைக்கவில்லை. அவை கருவியின் சுவரில் மோதி மறைந்தன. பட்டைகள் என்ன ஆயின? சூடு ஏற ஏற மெல்ல மெல்ல மங்கி, கடைசியில் மறைந்தன. அந்த ‘மெல்ல மெல்ல’ என்பதைக் கவனியுங்கள். பட்டையை அழிப்பது மனம் என்றால், பாதி மங்கியபோது யார் பாதி பார்த்தார்கள்? வெற்றிடத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவை விட்டாலும் இதே கதைதான். மோதிப்போகும் ஒவ்வொரு வாயு மூலக்கூறும் ஒரு தடயம்.

நிலாவுக்கான பதிலும் இதிலேயே வந்துவிடுகிறது. நான் பார்க்கும்போது மட்டும்தான் நிலா இருக்கிறது என்று நிஜமாகவே நம்புகிறாயா என்று ஐன்ஸ்டைன் தன் நண்பர் ஆப்ரஹாம் பைஸிடம் ஒரு நடைப்பயணத்தில் கேட்டாராம். நிலாவின் மேல் சூரிய ஒளி ஓயாமல் பட்டுச் சிதறுகிறது, அதன் சூடும் ஒளியாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு நொடியும் எண்ணி முடியாத தடயங்கள். நாம் எல்லோரும் தூங்கினாலும் அது ஓர் இடத்தில்தான் இருக்கும். கிரிக்கெட் பந்து ஏன் பட்டை போடுவதில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வேகப்பந்து வீச்சில் போகும் பந்தின் அலைநீளத்தை டி பிராய் சொன்னபடி கணக்கிட்டால், ஒன்றின் பின்னால் 34 பூஜ்யம் போட்டால் வரும் எண்ணால் ஒரு மீட்டரை வகுத்த அளவு வருகிறது. அணுக்கரு அதைவிடக் கோடி கோடி மடங்கு பெரியது. அவ்வளவு நுண்ணிய பட்டையைக் காட்டும் கருவி எதுவும் கிடையாது.

அப்படியானால் மனம் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அதைக் காணொளிக்காரர்கள் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. 1961இல் யூஜின் விக்னர் என்ற பெரிய இயற்பியலாளரே அளவீட்டை முடித்துவைப்பது பார்ப்பவரின் மன உணர்வுதான் என்கிற மாதிரி எழுதினார். 1970இல் ஹைன்ஸ் டீட்டர் ஸே, சூழலில் தடயம் விழுவதால் பட்டைகள் எப்படி அழிகின்றன என்று எழுத ஆரம்பித்தார். பிற்காலத்தில் விக்னர் தன் பழைய கருத்தைக் கைவிட்டார். காணொளிகளில் முதல் பாதி மட்டும் வரும். ஷ்ரோடிங்கரின் பூனைக்கும் இதே கதி. இந்தக் கணக்கைப் பெரிய பொருளுக்கு அப்படியே நீட்டினால் எவ்வளவு அபத்தம் பாருங்கள் என்று கேலி செய்ய 1935இல் அவர் சொன்ன உதாரணம் அது. இன்று, பெட்டிக்குள் அடைத்த பூனை ஒரே நேரத்தில் உயிரோடும் செத்தும் நிஜமாகவே இரண்டுமாக இருப்பதற்குச் சான்றுபோல் காட்டுகிறார்கள். அவர் வேதாந்தம் படித்தவர் என்பது உண்மை. ஜெனீவா அருகே இருக்கும் செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வக வளாகத்தில் நடராஜர் சிலை இருப்பதும் உண்மை, 2004இல் இந்திய அரசு அன்பளிப்பாகத் தந்தது. இரண்டையும் வைத்து எலெக்ட்ரானின் பட்டை அகலத்தைக் கணக்கிட முடியாது. சித்தர் பாடல்கள் எனக்கும் பிடிக்கும், அவை வேறு விஷயத்தைப் பேசுகின்றன.

இனி, தெரியாததைச் சொல்ல வேண்டிய இடம். தடயம் விழுந்தால் பட்டை ஏன் மறைகிறது என்பதை மேலே சொன்ன கணக்கு முழுமையாக விளக்குகிறது. ஆனால் 100ம் 100ம் என்று நிகழ்தகவு கைக்கு வந்த பிறகு, இந்தக் குறிப்பிட்ட எலெக்ட்ரான் ஏன் இங்கே விழுந்தது, ஏன் அங்கே விழவில்லை? கணக்கு அதைச் சொல்வதில்லை. பல வாய்ப்புகளில் ஒன்று மட்டும் எப்படி நிஜமாகிறது என்பதே அளவீட்டுச் சிக்கல். எல்லாமே நடக்கிறது, நாம் ஒரு கிளையில் இருக்கிறோம் என்று 1957இல் ஹியூ எவரெட் சொன்னார். துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு, ஓர் அலை அதை வழிநடத்துகிறது என்று 1952இல் டேவிட் போம் சொன்னார். அலைச்சார்பு நம் அறிவின் கணக்குப் புத்தகம் மட்டுமே என்பவர்களும் உண்டு. இன்றுவரை செய்த சோதனைகள் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவில்லை. எது சரி என்று என்னைக் கேட்டால், வருடத்துக்கு ஒரு பக்கம் சாய்வேன் என்பதுதான் நேர்மையான பதில்.

ஆனால் ஒரு சுலபமான தப்பிக்கும் வழி அடைபட்டுவிட்டது. எலெக்ட்ரானும் ஃபோட்டானும் பதிலைப் பையில் போட்டுக்கொண்டுதான் வருகின்றன, நமக்குத்தான் தெரியவில்லை என்று நினைக்கத் தோன்றும். அப்படி இருந்து, தூரத்தில் நடப்பது இங்கே உடனே பாதிக்காது என்றும் இருந்தால், ஜோடியாகப் பிறந்து தூரம் தூரமாகப் பிரிந்துபோன இரண்டு துகள்களின் அளவீடுகளுக்கு இடையிலான பொருத்தம் ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது என்று 1964இல் ஜான் பெல் காட்டினார். கிளாசர், ஆஸ்பே, சைலிங்கர் ஆகியோரின் சோதனைகளில் அது தாண்டியது. மூவருக்கும் 2022இல் நோபல் பரிசு. இதை வைத்து ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், முடியாது.

கடைசியாக வகுப்பு. பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மனப்பயிற்சி நல்லதாகவே இருக்கலாம், அதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அதற்கும் எலெக்ட்ரானுக்கும் சம்பந்தமில்லை. அதற்குப் பதில் நூறு இருநூறு ரூபாய்க்குச் சிவப்பு லேசர் விளக்கு ஒன்று வாங்குங்கள். கண்ணுக்குள் அடித்துவிடாதீர்கள், கண்ணாடியிலும் பாத்திரத்திலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குழந்தைகளிடம் கொடுக்க வேண்டாம். தலையிலிருந்து ஒரு முடியை எடுத்து, ஒரு அட்டையில் ஓட்டை போட்டு, அதன் குறுக்கே செங்குத்தாக இழுத்து ஒட்டுங்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, சுவரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நின்று, லேசர் முடியின் மேல் படும்படி அடியுங்கள். யங்கின் அட்டை, டோனோமுராவின் இழை, உங்கள் முடி, மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. சுவரில் இடமும் வலமுமாகப் புள்ளிக் கோடுபோல் பட்டைகள் விழும். அடுத்தடுத்த இரண்டு இருட்டுகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். நடுவில் இருக்கும் பெரிய வெளிச்சத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அது இரண்டு மடங்கு அகலமாக இருக்கும். முடியின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஏழு பங்கு என்றால் அந்தத் தூரம் ஏறக்குறைய 2.8 செ.மீ. வரும். மெல்லிய முடியானால் பட்டைகள் அகலும், தடித்த முடியானால் நெருங்கும். வீட்டில் இருப்பவர்களின் முடியையும் கேட்டு வாங்கி வரிசையாக அளந்து பாருங்கள். எண்கள் ஏதாவது இடித்தால் இங்கேயே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.